வெகுளிக்கும் ஓர் அரங்கு

பாட்டு என்றவுடன் நம் மனம் இனிமையையே நாடுகின்றது. செவிக்கு இனியது இசை. இனிமையற்றது இரைச்சல் என்று இரண்டாகப் பிரித்துவிட்டு, இரைச்சல் என்று தோன்றுவதை ஆராயாமலே ஒதுக்கிவிடுகின்றோம். நம் இலக்கண நூலார் அவ்வாறு செய்தாரல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது, நகைக்கும் உவகைக்கும் இடந்தந்தவாறே வெகுளிக்கும் இடந்தந்தார். அவ்வெகுளி எவற்றாற் பிறக்கும் என்பதற்கு நான்கு காரணங்களையுங் கூறினார். உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல் என்பன அவை. செய்யுளுக்குரிய வண்ணங்கள் இருபதனுள் மெல்லிசை வண்ணத்தின் பக்கத்திலேயே வல்லிசை வண்ணத்தையும் வைத்தார். முடுகிச் செல்லும் ஓசைக்கும் ஒரு வண்ணம் வகுத்தார். ஆகவே, வன்மையும் விரைவும் சினமும் கலைக்குப் புறம்பானவை என்பது நம் முன்னோர் முடிபன்று.

இதனை மனத்திற் கொண்டு, இக்கால இளைஞர் சிலர் பெரிதும் விரும்பும் ‘கராஜ் றொக்’, ‘பங்க்’ என்னும் மேனாட்டு இசை வகைகளைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். நன்னூலும் தண்டியலங்காரமும் கற்பிக்கும் பண்டிதன் ஒருவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். வினா எழுந்த வரலாற்றை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் பெருவீதியில், ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது அக்குறணை. வாணிகத்தால் வளர்ந்த ஊர். பிங்கா ஓயா பெருகும் நாளில் கடைவீதி நீரில் நிற்கும். வடிந்த மறுநாள் வாணிகம் மீண்டும் தொடங்கும். இவ்வூரிற் கராம்பும் சாதிக்காயும் விற்கும் வணிகர் ஒருவர், கடந்த ஆண்டு ஒரு மாலையில் என் இல்லத்துக்கு வந்தார். அவருடைய மகன் என்னிடம் தமிழ் பயின்றவன்.

“மகன்ட போக்கு சரியில்ல சேர். ராவெல்லாம் அந்தக் கிற்றாரத் தட்டிக்கிட்டுக் கத்துறான். அடுத்த கிழம கண்டியில ஏதோ கிளப்பில பாடப் போறானாம். நீங்க ஒருக்காச் சொல்லிப் பாருங்க. உங்கட பேச்சக் கேப்பான்” என்றார்.

“படிக்காத விடைத்தாளுக்கு யான் புள்ளியிடுவதில்லை. கேளாத பாட்டுக்கும் அவ்வாறே. முதலிற் கேட்டுவிட்டு வருகின்றேன்; பிறகு பேசுவோம்” என்று கூறி அவரை அனுப்பிவைத்தேன். கேட்கப் போகுமுன் கற்க வேண்டியவற்றைக் கற்றுக்கொண்டேன். அவ்வாறு கற்றவற்றையே முதலில் இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

கராஜ் என்பது மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டில். 1964ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 9ஆம் நாள், இங்கிலாந்தின் பீற்றில்ஸ் குழுவினர் ஐக்கிய அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முறையாகத் தோன்றிப் பாடினர். அதனைக் கண்ட இளைஞர்கள் ஊர்தோறும் கிற்றார் வாங்கினர். பயில்வதற்கு மண்டபம் இல்லை. வீட்டுக் கொட்டில்தான் இருந்தது. ஆசிரியரிடம் முறையாகக் கற்றவர் மிகச் சிலரே. ‘கோட்’ எனப்படும் சுரக்கூட்டுகள் இரண்டோ மூன்றோ தெரிந்தவுடன் பாடத் தொடங்கினர். அந்தக் கொட்டிற் பயிற்சியே பிற்காலத்தில் அவ்விசைக்குப் பெயராயிற்று.

இவ்விசையின் கரகரப்பு எவ்வாறு உண்டாகின்றது என்பதும் அறியத்தக்கது. மின்கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் கருவி தன் கொள்ளளவுக்கு மேற்பட்ட ஒலியைப் பெறும்போது, ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. மழுங்கிய அவ்வலையே நம் செவிக்குக் கரகரப்பாகக் கேட்கின்றது. முதலிற் குறையென்று கருதப்பட்ட இதனை இளைஞர்கள் அணியாக்கிக்கொண்டனர். 1964இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்னும் இளைஞர், தம் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவரக் கத்தியாற் கீறி வேண்டுமென்றே அக்கரகரப்பை வருவித்தார். குற்றமும் இடமறிந்து வந்தால் குணமாகும் என்பதனை அணிநூல் கற்றோர் நன்கு அறிவர்.

இனி, சொல் விளங்காமை என்னும் குற்றச்சாட்டைப் பார்ப்போம். ‘லூயி லூயி’ என்ற பாட்டை றிச்சட் பெரி என்னும் கறுப்பினப் பாடகர் இயற்றி 1957இல் வெளியிட்டார். கடலோடி ஒருவன், தன் காதலி காத்திருக்கும் தீவுக்கு மீள விழைவதே அதன் பொருள். நம் மரபிற் கூறின், பிரிவாற்றாத தலைவன் கூற்று. இதனை 1963இல் கிங்ஸ்மென் என்னும் இளைஞர் குழு போட்லண்ட் நகரத்திற் பாடி இசைத்தட்டாக்கியது. ஒலிவாங்கி உயரத்தில் தொங்கியமையால், பாடியவர் அண்ணாந்து கத்த வேண்டியதாயிற்று, சொற்கள் சிதைந்தன. சிதைந்த சொல்லுள் ஆபாசம் ஒளிந்திருக்கின்றதோ என்று பெற்றோர் ஐயுற்று அரசுக்கு முறையிட்டனர். எப்.பி.ஐ. என்னும் அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறை ஏறத்தாழ 30 மாதங்கள் ஆராய்ந்தது. தட்டைப் பல வேகங்களிற் சுழற்றிக் கேட்டது. இறுதியில், சொற்கள் விளங்கவில்லை என்று எழுதிக் கோவையை மூடியது. காதலியைப் பிரிந்தவன் புலம்பலைக் குற்றமென்று கருதி அரசே துப்புத் துலக்கிய கதை இது. ஐயம் முந்திக்கொண்டால் செவி பிந்திவிடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

1972இல் லெனி கேய் என்பவர் அக்கொட்டிற் குழுக்களின் பாட்டுக்கள் 27ஐத் தேடித் தொகுத்து, ‘நகெற்ஸ்’ என்னும் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். அதன் முன்னுரையில் அவற்றைப் பங்க் இசை என்று குறித்தார். பங்க் என்பது கயவன், உதவாக்கரை என்னும் பொருளுடைய வசைச்சொல். அடுத்து வந்த இளைஞர் அவ்வசையையே பெயராகச் சூடிக்கொண்டனர். நியூயோர்க் நகரத்தில் 1974இல் தோன்றிய றமோன்ஸ் குழு, 1976இல் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதில் 14 பாட்டுக்கள். கேட்டு முடிக்க அரைமணி நேரமும் வேண்டாம். அவ்வாண்டு யூலை 4ஆம் நாள் அவர்கள் இலண்டனிற் பாடினர். வேலையின்மையால் வாடிய இலண்டன் இளைஞரிடையே பங்க் இசை காட்டுத்தீயாகப் பரவியது. மூன்று சுரக்கூட்டுகளைப் படமாக வரைந்து காட்டி, இனி நீயே ஒரு குழுவைத் தொடங்கு என்று வாசகரை ஏவிய கைப்பிரதி இதழும் அக்காலத்தில் வெளிவந்தது.

இவ்விசை வெள்ளையருக்கு மட்டும் உரியதாக நின்றதா? இல்லை. நிறவெறிக்கு எதிராக 1976இல் பிரித்தானிய இசைஞர் ஓர் இயக்கம் தொடங்கினர். 1978 சனவரியில் மார்கரெட் தாட்சர் அம்மையார், வேற்றுப் பண்பாட்டினரால் நாடு மூழ்கடிக்கப்படுமோ என மக்கள் அஞ்சுவதாகத் தொலைக்காட்சியிற் பேசினார். அடுத்த ஆண்டே, பாக்கிஸ்தானியக் குடும்பத்து இளைஞர் மூவரும் வெள்ளை இளைஞர் ஒருவரும் சேர்ந்து இலண்டனில் ஒரு பங்க் குழுவைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஏலியன் கல்ச்சர்’. அந்நியப் பண்பாடு என்பது பொருள். தம்மை நோக்கி எறியப்பட்ட கல்லையே எடுத்து அவர்கள் வீட்டுக்கு வாயிற்படியாக்கினர்.

நம் நாட்டிலும் கடன்வாங்கிய இசை சொந்தமாகியதற்குச் சான்றுகள் பலவுள. போர்த்துக்கீசர் வழிவந்த பைலா இன்று இலங்கையரின் கொண்டாட்ட இசை. 1960களின் இறுதியில் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு தமிழிற் பாடத் தொடங்கினார், 1970களில் ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பொப் இசையைத் தமிழருடைய திருமண வீடு வரை கொண்டு சேர்த்தனர். அக்காலத்துப் பெரியோர் பலர் முகஞ்சுளித்த அப்பாட்டுக்களுக்குத் துள்ளிசை என்று அழகிய தமிழ்ப்பெயரும் வாய்த்தது. சென்னையில் 2018 சனவரியில் அரங்கேறிய ‘காஸ்ற்லெஸ் கலெக்ரிவ்’ குழு, கானாப் பாட்டையும் றொக் இசையையும் இணைத்துச் சாதிக் கொடுமையைச் சாடியது. கண்டி நகரத்திலேயே 2001இல் ‘பரனோயிட் ஏர்த்லிங்’ என்னும் றொக் குழு தோன்றியது. அச்சத்தால் அலைக்கப்படும் மண்ணுலகத்தான் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். மலையும் பனியும் பெரகராவுமே கண்டி என்று எண்ணியிருப்போர்க்கு இது வியப்பாக இருக்கலாம்.

இவ்வளவுங் கற்றபின், குறித்த இரவில் யான் கண்டிக்குச் சென்றேன். கிளப் என்று பெயரே ஒழிய, மாடியில் அமைந்த ஒரு சிற்றரங்கு அது. அன்றிரவு மதுவகை எதுவும் அங்கே இல்லை. நாற்பது பேர் அளவில் நின்றுகொண்டிருந்தனர். முதியவன் என்பதால் எனக்கு மட்டும் ஒரு நாற்காலி தந்தனர். என் மாணவன் என்னைக் கண்டதும் திகைத்து, “நீங்க வருவீங்கண்டு நெனைக்கல்ல சேர்” என்றான். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சும் கொணர்ந்து தந்தான். அது மரியாதையின் பொருட்டா, எச்சரிக்கையின் பொருட்டா என்று யான் வினவவில்லை.

முதற் பாட்டுத் தொடங்கியபோது நெஞ்சுக்கூட்டிலே உலக்கை விழுந்தாற் போன்றிருந்தது. இரண்டு மூன்று பாட்டுக்கள் கடந்தபின் செவி பழகிற்று. பழகிய செவி, தன் தொழிலைத் தொடங்கிவிட்டது. பாட்டுக்கள் இரண்டு நிமிடத்தை எட்டாதவை. அடிகள் இருசீரும் முச்சீருமாகக் குறுகியவை. நெடில்கள் அரியன; வல்லின மெய்கள் ஒன்றோடொன்று மோதின. ககரமும் டகரமும் றகரமும் இரட்டித்து வரும் இடத்திலேயே தாளத்தின் அடியும் விழுந்தது. வல்லிசையும் முடுகும் குறுஞ்சீரும் என யான் முப்பதாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி விளக்கி வந்த வண்ணங்கள், ஒரே பாட்டில் உயிரோடு என்முன் நின்றன. மெட்டு மூன்று சுரக்கூட்டுக்குள் அடங்கியது உண்மையே. ஆனால், நம் தோட்டப்புறத்துத் தப்புக்கு மெட்டே கிடையாதன்றோ? காமன்கூத்து நாளில் அத்தப்பொலி கேட்டு நிலைகொள்ளாத கால்களை மலையகத்தார் அனைவரும் அறிவர்.

றம்ஸ் வாசித்தவன் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த சிங்கள இளைஞன். இடையிடையே அவன் கையிற் கண்டிப் பறையாகிய கெட்டபெரயின் நடை எட்டிப்பார்த்தது. என் மாணவன் பாடியவற்றுள் ஒரு பாட்டே இக்கட்டுரைக்குக் காரணமானது. அது ஒரு கடையின் இரும்பு ‘ஷட்டர்’ பற்றியது.

2018 மார்ச்சுத் திங்களில் திகனைப் பகுதியில் மூண்டு பரவிய வன்முறையில் அக்குறணையும் தாக்குண்டது. பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் சேதமுற்றன. நாடெங்கும் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. என் மாணவன் அப்பொழுது ஆறாந் தரத்திற் பயின்றுகொண்டிருந்தான். அவன் தந்தையின் கடைக் கதவில் ஒரு பெரிய நெளிவு விழுந்தது. ஒவ்வொரு நாட்காலையும் அக்கதவைத் தூக்கும்போது, அந்நெளிவு சட்டத்தில் உரசிக் கிறீச்சிடும். அந்தக் கிறீச்சொலியை அவன் கிற்றாரில் வருவித்தான். பாட்டில் வசை இல்லை. எவர் பெயரும் இல்லை. பழிவாங்கும் சொல் ஒன்றுமில்லை. கதவைத் தூக்குகிறோம், சத்தம் கேட்கிறது, கடையைத் திறக்கிறோம் என்பதே அதன் பொருள். அதனையே மீண்டும் மீண்டும், ஒவ்வொரு முறையும் முன்னையினும் உரத்துப் பாடினான். கடைசி முறை சொல் இல்லை. ஒலி மட்டுமே இருந்தது. அவ்வொலிக்குத் தாளந் தந்தவன் அச்சிங்கள இளைஞன். அரங்கிலிருந்தோர் எவரும் பாட்டு முடிந்தவுடன் கைதட்டவில்லை. சிறிது நேரங் கழித்தே தட்டினர்.

குடியைக் கெடுத்தலால் வெகுளி பிறக்கும் என்று தொல்காப்பியர் கூறியதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கங்களை யான் அறிவேன். அன்றிரவு கேட்டது அவ்விளக்கங்களோடு சேர்த்து வைக்கத்தக்கது.

மறுநாள் வணிகர் வந்தார். “உங்கள் மகன் பாடுவது உங்கள் கடைக் கதவைப் பற்றி” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த நெளிவ நான் வேணுண்டுதான் திருத்தாம வெச்சிருக்கேன் சேர். ஒருத்தருக்கும் சொன்னதில்ல” என்றார். தந்தை பேசாது சுமந்ததை மகன் பேசிவிட்டான். அதன்பின் கிற்றாரைப் பற்றி அவர் என்னிடம் ஒன்றுங் கேட்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் வாசிக்கலாகாது என்று மட்டும் மகனுக்கு விதித்திருப்பதாகப் பின்னர் அறிந்தேன். அது நியாயமான விதியே.

இங்கே ஒரு தடை எழும். வள்ளுவர் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்க, வெகுளியைக் கலையென்று போற்றலாமோ? அத்தடைக்கு விடை உண்டு. வெகுளாமை, குறளின் 31ஆம் அதிகாரம், துறவறவியலில் வைக்கப்பட்டது. அது ஒழுக்கம் பற்றிய நூல் ஒழுகுவோனுக்குக் கூறியது. தொல்காப்பியர் கூறிய வெகுளியோ செய்யுளிற் புலப்படுவது. கையில் எழும் சினம் வேறு, பாட்டில் எழும் சினம் வேறு. முன்னது பிறனை அழிக்கும். பின்னது கேட்போனை விழிக்கச் செய்யும். பாரதியாரும் தம் புதிய ஆத்திசூடியில் இளைஞர்க்கு வேண்டிய பண்புகளோடு ரௌத்திரத்தையும் சேர்த்துவைத்தார் என்பது நினைக்கத்தக்கது.

இதனாற் பங்க் என்ற பெயரோடு வந்தவை அனைத்தும் போற்றத்தக்கன என்று கூறுவேனல்லேன். இலண்டனில் அவ்விசையின் தொடக்கக் காலத்தில், பார்ப்போர் அதிரவேண்டும் என்பதற்காகவே நாற்சிகளின் சின்னத்தை அணிந்து திரிந்தோர் இருந்தனர். பல இலட்சம் மக்களைக் கொன்ற கொடுமையின் சின்னம் அது. அதனை விளையாட்டாக அணிந்தவர் சினத்துக்குக் காரணமும் இல்லை, கருத்தும் இல்லை. ‘செக்ஸ் பிஸ்ரல்ஸ்’ குழுவின் சிட் விசியஸ் என்பவர் 1979இல், 21 வயதில், போதைப்பொருளால் மாண்டார். இவற்றையும் மாணவர் அறிய வேண்டும். நன்றையும் தீதையும் பிரித்தறிய வழி யாது? தொல்காப்பியர் தந்த நான்கு காரணங்களே உரைகல். யார் உறுப்பு அறுபட்டது, யார் குடி கெட்டது, யார் அலைக்கப்பட்டார், யார் கொல்லப்பட்டார் என்று பாட்டை வினவுக. விடை கூறும் பாட்டு வெகுளிப் பாட்டு. விடையில்லாதது வெறுங் கூச்சல்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மாணவர் இரைகின்றனர் என்று கதவைச் சாத்துமுன், எதன் பொருட்டு இரைகின்றனர் என்று கேட்டறிவோம். அவர்கள் பாட்டெழுத முற்படின், வல்லிசையும் முடுகும் தமிழுக்குப் புதியன அல்ல என்று எடுத்துக்காட்டுவோம். அயல்மொழிப் பாட்டை ஒலிபெயர்த்துப் பாடாமல், தம் கடைவீதியையும் தம் ஆற்றையும் தம் சொல்லாற் பாடக் கற்பிப்போம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாடசாலை மண்டபத்தை அவர்களுக்குத் திறந்துவிடுவோம். கண்டிக் கலம்பகம் பாடிய அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் வாழ்ந்த மலைநாடு இது. கலம்பகம் என்பதே பல உறுப்பும் பலவகைப் பாவும் கலந்து தொடுத்த மாலைதான். அம்மாலையில் ஒரு முட்பூவுக்கும் இடமிருக்கட்டும்.

கண்ணகியின் சினத்தை நீக்கிவிட்டாற் சிலப்பதிகாரம் இல்லை. ஆனால், அக்காவியம் நமக்குக் கற்பிப்பது சினத்தின் பெருமையை மட்டுமன்று. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன், கோவலனையும் ஒரு சொற் கேட்டிருந்தால் மதுரை எரிந்திராது. நகரை எரித்தது கண்ணகியின் வாயன்று. அரசனின் கேளாச் செவி.